இதயத்துக்கு வைத்த பொட்டு

என் பிரியமான மெகர் டீச்சருக்கு, செத்தவர்களைக்கூடச் சும்மா விடாத லேப் ஆயா கஸ்தூரி எழுதுகிறேன்.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று சொல்ல வந்த உங்கள் பக்கத்து வீட்டுக்காரரை நிற்க வைத்துக் குறுக்குக் கேள்வி கேட்டேன். "நீ உன் கண்ணால பாத்தியா? டாக்டர் சொன்னாரா, இல்ல யாரோ சொன்னாங்களா?" பாவம், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு முழித்தார். பிறகு நானே சேலையூருக்கு வந்து, பெண்களோடு உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்த்தேன். நகத்தில் சாக்பீஸ் தூள் இருக்கிறதா என்றும் பார்க்க நினைத்தேன். கை வெள்ளைத் துணிக்குள் போய்விட்டிருந்தது. அதனால் இன்றைக்கும் எனக்குப் பாதி நம்பிக்கைதான்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். பிழை இருந்தால் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புங்கள். என் விலாசம் மாறவில்லை.

இந்தக் கடிதத்தைப் பள்ளி ஆண்டு மலரில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். போடுவார்களா? சந்தேகம்தான். எனக்கு எதில்தான் சந்தேகம் இல்லை? நீங்கள் சேர்ந்த முதல் நாளே என்னை "அக்கா" என்று கூப்பிட்டீர்கள். மற்ற எல்லோருக்கும் நான் ஆயா. என்னை அக்கா என்கிறவளுக்கு என்னிடம் என்ன வேண்டியிருக்கிறது என்று அன்றைக்கே யோசித்தேன். யோசித்தது சரியாகவும் போனது. உங்களுக்கு வேண்டியது என் இடுப்பில் தொங்கிய பீரோ சாவி.

நம் லேப் அப்போது எப்படி இருந்தது, நினைவிருக்கிறதா? மூன்று பீரோ. தராசு, காந்தம், குடுவை எல்லாம் உள்ளே. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று ஒருவரும் எடுக்க மாட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை அதிகாரிகள் வரும்போது வெளியே எடுத்துத் துடைத்து அடுக்குவோம். அவர்கள் ஜீப் கிளம்பியதும் பூட்டுவோம். பத்து வருஷமாக ஒரு குடுவையில்கூடக் கீறல் இல்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது.

"இதெல்லாம் பசங்க எப்பதான்க்கா தொடுவாங்க?" என்றீர்கள்.

"தொட்டா ஒடையும் டீச்சர்."

"ஒடஞ்சா என்ன?"

"குடுவ ஒடஞ்சா குடுவையோட போச்சு. அப்பால என்னிய இல்ல ஒடைப்பாங்க."

சிரித்தீர்கள். சாவியைக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து ஒரு துணிப் பையைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தீர்கள். ஃபியூஸ் போன பல்பு, சைக்கிள் வால்வு டியூப், ஆஸ்பத்திரியில் கழித்த குளுக்கோஸ் பாட்டில், பலூன். பல்பின் வயிற்றைக் காலி செய்து தண்ணீர் ஊற்றினால் எழுத்து பெரிதாகத் தெரியும். பாட்டிலுக்குள் இரண்டு பலூனைக் கட்டி, அடியில் ரப்பரை இழுத்தால் நுரையீரல் மூச்சு விடும். பிள்ளைகள் வரிசையில் நின்று இழுப்பார்கள்.

"ஸ்டேஷன் பக்கம் ஜாக்கிரதையா போங்க டீச்சர். பழைய சாமான் வாங்குற பேரீச்சம்பழக்காரன் பாத்தா பையோட உங்களையும் எடை போட்டுடுவான்."

"போட்டா நல்ல பழமா கேட்டு வாங்கிடுங்கக்கா."

இவ்வளவு பாடு யாராவது சும்மா படுவார்களா? உங்கள் பையை நான் திறந்து பார்த்திருக்கிறேன், தெரியுமா? ஸ்பிரிட் பாட்டிலில் அளவு குறைந்துகொண்டே வந்தது. நீங்கள்தான் வீட்டுக்குக் கொண்டு போகிறீர்கள் என்று முடிவு கட்டி, லேபிளில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். ஒருநாள் எட்டாம் வகுப்பில் அந்தப் பாட்டிலையே தூக்கிக் காட்டினீர்கள். "யாரும் எடுக்கல. ஆனா கொறஞ்சிருக்கு. எங்க போச்சு?" ஆவியாவது பற்றிப் பாடம் நடத்தி முடித்தீர்கள். மூடியைச் சரியாகத் திருகாதது யார் என்று மட்டும் சொல்லவில்லை. பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்குக் காது சுட்டது.

பிறகு அந்த எவர்சில்வர் டிபன் டப்பா. மார்க்கெட்டில் மாணிக்கம் கறிக்கடையில் சொல்லி வைத்து வாங்கிய ஆட்டு இதயம். நீங்களோ கறியே தொடாதவர். மத்தியானம் கத்திரிக்காய் சாப்பிட்டுவிட்டு, கையில் இதயத்தை வைத்துக்கொண்டு நின்றீர்கள். ஒவ்வொரு பிள்ளையாக வந்து வால்வுக்குள் விரலை விட்டது. இந்தப் பக்கம் போகிறது, அந்தப் பக்கம் போகவில்லை என்று கத்தியது. என்னையும் கூப்பிட்டீர்கள்.

"நான் வரல. திடீர்னு துடிச்சிச்சின்னா இன்னா பண்றது?"

"துடிச்சா நம்ம ஸ்கூலுக்குப் பரிசு கொடுப்பாங்கக்கா. வாங்க."

வரவில்லை. அந்த விரல் இன்னும் பாக்கி.

யாரோ பெற்றோர் புகார் சொன்னார்கள். வகுப்பறையில் ரத்த வாடை என்றார்கள். கரஸ்பாண்டென்ட் உங்களைக் கூப்பிட்டு, இனி டப்பா வரக் கூடாது என்றார். அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் வந்தது. தாம்பரத்தில் அப்போது எத்தனை பள்ளிக்கூடத்தில் அது இருந்தது? கல்யாணப் பெண் மாதிரி மேலே துணி போர்த்தி, தனி அறையில், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதில் இதயம் சிவப்பும் நீலமுமாகத் துடிக்கும், ரத்தம் கோடு கோடாக ஓடும், வாடை வராது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நீங்கள், "நல்லாத்தான் இருக்கு சார். இதையும் காட்டலாம், அதையும் தொட விடலாம்" என்றீர்கள். பாதியைத்தான் அவர் காதில் வாங்கினார். டீச்சருக்குக் கம்ப்யூட்டர் பிடிக்கவில்லை என்று பேச்சு பரவியது.

எனக்கும் பிடிக்கவில்லைதான். லேபே வேண்டாம் என்றால் லேப் ஆயா எதற்கு? பொருத்த வந்த ஆளிடம் பேச்சுக் கொடுத்தேன். "இம்மாந்துண்டு பொட்டிக்குள்ள இம்மாம் பாடமும் எப்படிப்பா கீது?" அவர் கறுப்பாக, சதுரமாக, அப்பளம் போல் ஒன்றைக் காகித உறையோடு காட்டினார். "பொட்டி சும்மாம்மா. உசுரு இந்தப் பிளாப்பிலதான் இருக்கு."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன் டீச்சர்.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது என் வேலை. மணி, தராசு, பீரோ, எலும்புக்கூட்டின் நெற்றி. கம்ப்யூட்டர் பெட்டிக்கும் வைத்தேன். பிறகு, உயிர் இல்லாத பெட்டிக்கு வைத்துவிட்டு உயிரை விட்டால் குற்றமாகுமே என்று தோன்றியது. உறையை உருவினேன். கீழே நீளமாக ஒரு திறப்பு, உள்ளே பழுப்பு நிறத்தில் மினுமினு என்று ஏதோ தெரிந்தது. உயிர் இதுதான் என்று அந்த இடத்திலேயே சந்தனத்தைக் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். பக்தியோடுதான் வைத்தேன். மறுபடி உறைக்குள் செருகிவிட்டுப் பொரி கடலை வாங்கப் போனேன்.

விடுமுறை முடிந்த அன்று பெற்றோர் கூட்டம். இதயப் பாடத்தை நீங்கள்தான் போட்டுக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. காலையில் கம்ப்யூட்டர் அறையைத் திறந்து வைத்துவிட்டுப் போய்த் துடைப்பத்தோடு வந்தேன். நீங்கள் தனியாக நின்று, அந்த அப்பளத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தீர்கள். ஆகா, மாட்டினாள் என்று நினைத்தேன்.

கூட்டத்தில் திரை கறுப்பாகவே இருந்தது. அதிகாரிகள், பெற்றோர், மாலை போட்ட கரஸ்பாண்டென்ட், எல்லோர் முன்னாலும். பொருத்திய ஆள் வந்து பார்த்து, யாரோ தேய்த்திருக்கிறார்கள் என்றார். முதலில் கூப்பிட்டது என்னை.

"கம்ப்யூட்டர் ரூம் சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"ஆமா சார்."

"நீ தொட்டியா?"

வேலை போய்விடும் என்று பயந்தேன். வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆனால் பொய் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னேன். "டீச்சர்தான் சார் காலைல அத்த கர்ச்சீப்பால தேச்சிக்கினு இருந்தாங்க."

உங்களைக் கூப்பிட்டார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். திட்டுகிற பார்வை இல்லை. கணக்கு போடுகிறவர்கள் பார்ப்பது போல.

"தொடைச்சேன் சார். அழுக்கா இருந்துச்சு."

"என்ன அழுக்கு?"

"அழுக்குதான் சார்" என்று மட்டும் சொல்லி, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டீர்கள்.

உங்களைப் பள்ளிக்கரணை பக்கம் இருந்த நம் பள்ளியின் சின்னக் கிளைக்கு மாற்றினார்கள். மேடவாக்கம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. சயின்ஸ் கிடையாது, ஒன்றாம் வகுப்புக்கு அ ஆ. கம்ப்யூட்டரைக் கெடுத்த டீச்சர் என்று உங்களுக்குப் பெயர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தக் கதையை முதலில் சொல்கிறவளே நான்தான். நன்றாகச் சொல்வேன், கைக்குட்டையை மடிக்கிற மாதிரிகூட நடித்துக் காட்டுவேன்.

மார்க்கெட்டில் பார்க்கும்போதெல்லாம் நீங்கள்தான் முதலில் சிரிப்பீர்கள். "ஸ்பிரிட் பாட்டில நல்லா மூடினீங்களாக்கா?" செய்த குற்றத்துக்குக் குழைகிறாள் என்று நினைப்பேன். எத்தனை வருஷம் கேட்டீர்கள் அதையே? அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

போன மாதம் உங்கள் வீட்டுக்காரர் ஒரு அட்டைப் பெட்டியை அனுப்பினார். மேலே உங்கள் கையெழுத்தில், "கஸ்தூரியக்காவுக்கு." பல்பு, குளுக்கோஸ் பாட்டில் நுரையீரல், அந்த டிபன் டப்பா. டப்பாவுக்குள் அதே பிளாப்பி, உறையோடு. கூட்டத்தன்று கெட்டுப்போனதென்று குப்பையில் போட்டதை எப்போது எடுத்தீர்கள்?

என் மகள் செல்வி இப்போது கிழக்குத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை செய்கிறாள். அவளிடம் காட்டினேன். உறையின் உள்பக்கம் மஞ்சளாக ஒரு தேய்ப்பு, நடுவில் சிவப்பு.

"இதுல யாரும்மா சந்தனம் வெச்சது?"

"நாந்தான். இன்னாத்துக்குக் கேக்கற?"

"இந்த எடத்துல வெரல் பட்டாலே பாடம் போயிடும்மா."

நீங்கள் அந்தக் காலையில் கெடுக்கவில்லை, நான் கெடுத்ததைக் காப்பாற்றப் பார்த்தீர்கள். நான் பார்த்தது மட்டும் நிஜம். பார்த்ததற்கு நான் வைத்த அர்த்தம்தான் பொய்.

ஏன் சொல்லவில்லை டீச்சர்? பூஜைப் பொட்டால் கெட்டது என்று நீங்கள் வாயைத் திறந்திருந்தால், மெகருன்னிசா சாமியைக் குறை சொன்னாள் என்றுதான் ஊர் பேசியிருக்கும், அதனாலா? இல்லை, என் வேலை போய்விடும் என்றா? இரண்டும்தானா? பெட்டியில் ஒரு வரி எழுதி வைத்திருக்கக் கூடாதா? பாட்டிலைத் தூக்கிக் காட்டியது போலவே, யார் என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

இங்கே இப்போது சிடி வந்துவிட்டது, பத்து கம்ப்யூட்டர் இருக்கிறது. இதயம் முன்னைவிட அழகாகத் துடிக்கிறது. தட்டிப் பார்த்தேன், கண்ணாடிதான். பீரோ இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. நான் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். அதே கரஸ்பாண்டென்ட்தான். இதைப் படித்துவிட்டு என்ன செய்வார் என்று தெரியாது.

மலரில் போடாவிட்டால் காலைப் பிரேயரில் நானே நின்று வாசிப்பேன். கதையை இத்தனை வருஷம் நடித்துக் காட்டிய வாய், திருத்தியும் சொல்லட்டும். மாணிக்கத்திடம் சொல்லி வைத்துவிட்டேன். புது சயின்ஸ் மிஸ்ஸும் சரி என்றுவிட்டார். ஒன்பதாம் வகுப்பு திரையில் இதயத்தைப் பார்த்து முடித்ததும், உங்கள் டிபன் டப்பாவை நான் எடுத்துப் போவேன். பீரோவையும் திறந்து வைப்பேன். பிள்ளைகள் வரிசையில் நிற்கட்டும்.

இந்தத் தடவை முதல் விரல் என்னுடையது. துடித்தால் உங்களுக்குச் சொல்கிறேன்.

பாட்டிலை இறுக்கி மூடிவிட்ட,
உங்கள் கஸ்தூரியக்கா