தாளின் பின்பக்கம்

மார்ச் 4
உறைகுளிர்ப் பெட்டியின் கதவு ரப்பர் மறுபடி பிய்ந்துவிட்டது. பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். உள்ளே, மலைக்குடியிருப்பில் பழங்குடி மக்களிடம் நான் எடுத்து வந்த 186 ரத்தக் குப்பிகள். ரத்தசோகை ஆய்வு முடிந்துவிட்டது, மீதியை அழித்துவிடலாமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். "அவசரப்படாதீங்க சிஸ்டர். அதுக்கு வேற வேலை இருக்கு."

மார்ச் 5
வேற வேலை என்னவென்று தெரிந்தது. வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, அந்த மக்கள் யார் வழிவந்தவர்கள் என்று பரம்பரைச் சோதனை. அவர்களைக் கேட்கவில்லையே என்றேன். டாக்டர் ஒப்புதல் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம், கடைசி வரி: 'மீதமுள்ள மாதிரிகள் பிற ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்படலாம்.' கீழே கைநாட்டு.
"நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க?"
தலையாட்டிவிட்டேன்.

மார்ச் 6
பொய். படிக்கவே இல்லை. முன்பக்கத்தை வரி வரியாகப் படித்தேன். அந்தக் குடியிருப்பிலேயே தமிழ் தெரிந்த ஒரு பெண் அதைத் தன் மொழியில் எல்லோருக்கும் சொன்னாள். வாய் ஓயாது, அதனால் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தேன். பின்பக்கத்தில் விலாசமும் சட்ட வாசகமும்தானே என்று தாளைத் திருப்பி மை டப்பாவை நீட்டினேன். கீழே ஜீப் டிரைவர் ஹாரன் மேல் ஹாரன். "அவ்வளவுதானாக்கா?" என்றாள். அவ்வளவுதான் என்றேன். அந்த வரி இருப்பதே எனக்குத் தெரியாது — அது இன்னும் கேவலம் இல்லையா?

மார்ச் 7
வீட்டுக்காரர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "நீ சொல்லலேன்னா யாருக்குத் தெரியப்போகுது?"
"ரேடியோவுக்கு."
"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"
"நான் சொல்லுவேன்ல."
ஊசியைக் கையில் குத்திக்கொண்டார். "அப்ப எதுக்குடி என்கிட்ட கேக்கிற?"

மார்ச் 8
ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு நான்கு வரிக் கடிதம் கொடுத்தேன். படிக்கவில்லை, தவறு என்னுடையது, குப்பிகளை அனுப்பாதீர்கள். "உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்க. இதனால அவங்களுக்கு என்ன கெடுதல்?" என்று டாக்டர் கத்தினார்.
"எனக்குத் தெரியாது சார். அவங்களையே கேப்போம்."
 

மார்ச் 15
குழு முடிவு: மறுபடி போய்க் கேட்க வேண்டும். அதன்பின் எனக்குக் களப்பணி கிடையாது. சரி.

மார்ச் 19
மலைக்குப் போய் ரேடியோவிடம் சொன்னேன்.  
"என் வாயால சொல்ல வெச்சிட்டீங்களே. என் அண்ணி என்னை நம்பித்தான் கையை நீட்டினாங்க."
மன்னிச்சிடு என்றேன்.
"என்கிட்ட மட்டும் கேட்டா போதுமா? எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. நான் ஒரு வார்த்தை விடாம சொல்றேன்."

மார்ச் 20
சொன்னேன். விடாமல் சொன்னாள். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "நாங்க வேற எங்கேயிருந்தோ வந்தவங்கன்னு அவங்க எழுதிட்டா? அப்புறம் இந்த நிலம் எங்களுதில்லன்னு சொல்லுவாங்களே?" டாக்டர் கேட்ட கெடுதல் இதுதான். இது எங்கள் யார் மூளைக்கும் எட்டவில்லை. கூடிப் பேச மூன்று நாள் வேண்டும் என்றார்கள்.

மார்ச் 23
வேண்டாம் என்றுவிட்டார்கள். அழிப்பதை நேரில் பார்க்க இருவர் வருவார்கள்.

மார்ச் 28
ரேடியோவும் அண்ணியும் வந்தார்கள். ஒவ்வொரு குப்பியையும் காட்டிவிட்டு, கிருமி அழிக்கும் நீராவிப் பெட்டியில் வைத்தேன். 186. ரேடியோ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன உரிமையில் எதிர்பார்த்தேன்?

ஜூன் 11
இப்போது எனக்கு நோயாளிகளுக்குப் பதிவுச் சீட்டு எழுதும் ஜன்னலில் வேலை. காசநோய் ஆய்வுக்காக மலைக்குப் போய்வந்த புது நர்ஸ் வந்து புலம்பினாள். "ஒரு அக்கா, நான் பையைத் திறந்ததுமே தாளை வாங்கித் திருப்பிட்டாங்க சிஸ்டர். இங்கேருந்து படின்னாங்க. ரெண்டு பக்கமும் படிச்சு, கேள்வி மேல கேள்வி. ஒரு நாள் பூரா போச்சு."
"ரொம்பப் பேசினாங்களா?"
"ஐயோ, வாயே மூடல!"
அடுத்தவருக்குச் சீட்டு எழுத எனக்குச் சற்று நேரம் பிடித்தது.