மாதாவின் கன்னத்தில் ஒரு வடிசல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறேன் என்று எழுதத்தான் வாய் வருகிறது, ஆனால் அந்த மாதாவே இப்போது நம் பட்டறையில் தலையோடு போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறாள், யார் யாரை வேண்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். என் கையெழுத்து உனக்குத் தெரியும், மையில் விழுந்த எறும்பு நடந்த மாதிரி இருக்கும். இவள் பட்டம் வாங்கியவள், நான் பேசுவதை நல்ல தமிழாக்கிப் போடுகிறாள், வாசித்துக் காட்டும்போது இது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. போன வாரம் ஒரு கம்பெனிக்கு நேர்முகத்துக்குப் போய், கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்திருக்கிறாள். நம் வீட்டின் முதல் பட்டதாரி எல்லாம் படித்தாள், வாயைத் திறக்க மட்டும் படிக்கவில்லை. இதையும் எழுதுடி என்றேன், முறைத்துக்கொண்டே எழுதுகிறாள். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். மருந்துக்கடைக்குப் போய்த்தானே பேச வேண்டும், சுவருக்குக் காது இருக்கிறதோ இல்லையோ மருந்துக்கடைக்காரருக்கு இருக்கிறது. இது வெளியே போகக் கூடாத விஷயம், கடிதத்தை நீயும் உன் அறைத் தோழியிடம் காட்டாதே.

கோயிலில் இடது பக்கத்து மாடத்தில் நிற்கும் வியாகுல மாதாவை உனக்கு நினைவிருக்கும், மரச் சுரூபம், மெழுகுவர்த்திப் புகை பட்டுப் பட்டு முகமே கறுத்துப்போய், அங்கியில் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்ததே, அதுதான். மாதக் கடைசி ஞாயிறு மறைமாவட்ட ஆயர் நம் கோயிலுக்கு வருகிறார். அதற்குள் சுரூபத்தைப் புதுப்பிக்கப் பங்குச் சாமியார் வெளியூரிலிருந்து இதற்கென்றே படித்தவர்களை வரவழைத்துக் கேட்டார், அவர்கள் சுரூபத்தைக் கொண்டுபோய் ஒரு வருஷம் வைத்துக்கொள்வோம் என்றார்களாம். அப்போது மணியடிக்கிற நம் கோயில்பிள்ளைதான் சொல்லியிருக்கிறார், நம்ம பட்டறைக்காரர் லாரி மோதின வேனையே மாப்பிள்ளை மாதிரி ஜோடிச்சு அனுப்புறாரு சாமி, மாதாவுக்கு முகத்தைத் தொடச்சு ஒரு கோட்டு பெயிண்ட் அடிக்க மாட்டாரா என்று. உன் அப்பா கோயிலில் எங்கே நிற்பார் என்று தெரியும்தானே, வெளிக் கதவோரம், பிரசங்கம் நீண்டால் நழுவ வசதியாக. அவரைக் கோயிலில் யாரும் ஒரு காரியத்துக்கும் கூப்பிட்டதில்லை. சாமியாரே பட்டறை வாசலில் வந்து நின்று கேட்டதும் மனிதர் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார், துணி கிழியாதது ஆச்சரியம். மறுநாளே ஒரு வேனில் போய் மாதாவை முன் சீட்டில் உட்கார்த்தி, பெல்ட்டும் போட்டு, பிரேக் அடிச்சா முன்னால விழுந்துடுவாங்கல்ல என்று சொல்லிக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டி வந்தார். தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார்.

குறை சொல்ல மாட்டேன், உயிரைக் கொடுத்துத்தான் வேலை செய்தார். புகையை ஈரப் பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார், அங்கி மடிப்பில் விரிசலுக்கெல்லாம் பட்டி வைத்தார், நீலத்தைக் கலப்பதும் கொட்டுவதுமாக இருந்தார், வண்டி மாதிரி மினுங்கக் கூடாது, துணி மாதிரி இருக்கணும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். முகத்தை முடித்த அன்று சாப்பிட உட்கார்ந்தபோது நல்ல சந்தோஷத்தில் இருந்தார். முன்னாடி எவனோ கை தெரியாதவன் அடிச்சிருக்கான், இடது கண்ணுக்குக் கீழ ஒரு வடிசல் விட்டுட்டுப் போயிருக்கான், பாதிக் கன்னம் வரைக்கும் வந்து கட்டியா நிக்குது, இத்தனை வருஷமா கோயில்ல ஒருத்தர் கண்ணுலயுமா படல, உப்புத்தாள் போட்டு நைசா எடுத்துட்டேன், இப்பத் தொட்டுப் பாரு, கன்னம் கண்ணாடி மாதிரி இருக்கு என்றார். என் கையில் குழம்புக் கரண்டி இருந்தது, அது அப்படியே நின்றுவிட்டது. உன் தங்கை என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். கடைசியில் நான்தான் சொன்னேன், அது வடிசல் இல்லங்க, அதுதான் மாதாவோட கண்ணீர் என்று.

அவர் முதலில் சிரித்தார். போடி, கண்ணீர்னா தண்ணி நிறத்துல இருக்கும், இது பிசின் மாதிரி மஞ்சளா இருந்துச்சு என்றார். மெழுகுவர்த்தி ஏற்றினால் அந்த மஞ்சள்தான் மின்னும், அதைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லாரும் அங்கே முழங்கால் போடுகிறோம் என்று நான் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். கதவோரம் நின்றவருக்கு எப்படித் தெரியும், கதவோரம் நின்றவருக்குத் தெரியாது என்று எனக்கு எப்படித் தோன்றும். பெயிண்ட் ஒரு சொட்டு வடிந்து நின்றுவிட்டால் அவருக்கு வெள்ளைச் சட்டையில் சேறு பட்ட மாதிரி, அதைத் தேய்த்து எடுக்காமல் அவர் கை சும்மா இருக்காது, இது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டுப் பட்டறைக்குப் போனவர்தான், அன்று முதல் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. அந்தக் கண்ணீரைத் திரும்ப வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். தகரத் துண்டில், பழைய பானெட்டில், என் அரிசி டப்பா மூடியில்கூட, சொட்டு சொட்டாக விட்டுப் பார்க்கிறார். ஒன்று அடிவரைக்கும் ஓடிவிடுகிறது, இல்லையென்றால் பரு மாதிரி கண்ணுக்குக் கீழேயே உட்கார்ந்துகொள்கிறது. வடியவே கூடாது என்று ஆயுசு முழுக்கப் பழகிய கை, இப்போது வடி என்றால் வடிய மாட்டேன் என்கிறது.

இதற்கு நடுவில் வருகிறவர்களை நிறுத்துவதே எனக்கு வேலையாகிவிட்டது. பாட்டுக்குழுப் பெண்கள் வந்தார்கள், பெயிண்ட் வாசனை ஆகாது, தலை சுற்றும் என்று அனுப்பினேன். கோயில்பிள்ளை வந்தார், இன்னும் காயவில்லை என்றேன், என்னம்மா மாதாவுக்கு மட்டும் மழைக்காலமா என்று கேட்டுவிட்டுப் போனார். தையல்கார அக்காவை மட்டும் நிறுத்த முடியவில்லை. மாதாவுக்குப் புது முக்காடு தைக்கிறது அந்த அக்காதான், அளவு எடுக்காமல் எப்படித் தைப்பது என்று இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார். ஈரமா இருக்குக்கா என்றேன், முகத்தை மூடிக்கோங்க, எனக்குத் தலையும் தோளும் போதும் என்றார். உள்ளே அப்பாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் போவதற்குள், காருக்குப் பெயிண்ட் அடிக்கும்போது கண்ணாடியை மறைக்கிற மாதிரி, செய்தித்தாளை மாதாவின் முகத்தில் வைத்துச் சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டார். அக்கா பார்த்துவிட்டு, ஐயையோ தம்பி, மாதாவுக்கு மூச்சு முட்டாதா என்று சிரித்தார். தோளை அளந்தார், நெற்றியை அளந்தார், அப்புறம் கன்னத்தைச் சுத்தி வர்ற அளவு வேணும், பேப்பரைக் கொஞ்சம் ஒதுக்குங்க என்று விரலை டேப் ஓரத்தில் வைத்துவிட்டார். ஒட்டிக்கும்க்கா, இன்னும் ஈரம் என்றார் அப்பா, அந்தக் குரல் அவருடையது மாதிரியே இல்லை. அக்கா விரலை எடுத்துக்கொண்டார். போகும்போது வாசலில் திரும்பி நின்று சொன்னார், எல்லாத்தையும் புதுசாக்குங்க தம்பி, அந்தக் கண்ணீரை மட்டும் தொட்டுடாதீங்க, கப்பலுக்குப் போன எம்புள்ளகிட்டயிருந்து ஒரு வரி வரல, நான் எங்கேயும் அழறதில்ல, எனக்கும் சேர்த்து அதுதான் அழுவுது என்று. அப்பா சரிக்கா என்று தலையை ஆட்டினார். அக்கா தெருமுனை திரும்பும்வரை அப்படியே நின்றார். பிறகு டேப்பை மெல்ல மெல்ல உரித்தார், அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இதுவரை உன் தங்கையை எழுத வைத்தது எதற்கு என்றால், நீ அவருக்கு ஒரு கடிதம் போட வேண்டும், சாமியாரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்று. நான் சொன்னால் சத்தம் போடுகிறார், இவள் சொல்லவே மாட்டாள். நீ மட்டும் சொன்னால் கேட்பாரா என்று எனக்கும் தெரியாது. முன்பு ஒரு வேன் கதவில் நீ பெயிண்டுக்கு மேலே கிளியர் கோட்டு அடித்து ஒரு வடிசல் விட்டதற்கு, வேன்காரர் முன்னால், வடிசல், வடிசல், உன் கைக்கு இந்த வேலை ஒரு நாளும் வராது என்று அவர் கத்தினதும், நீ பெயிண்ட் கன்னைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனதும், அதன் பிறகு ஆஸ்பத்திரி வேலை தேடிக்கொண்டு அத்தனை தூரம் போனதும் நான் மறக்கவில்லை. போனில் நீ என்னிடம் அப்பா நல்லாருக்காரா என்று கேட்கிறாய், நான் வீட்டுக்குத் திரும்பினால் அவர் என்னிடம் சாப்பிட்டாளாமா என்று கேட்கிறார், உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் சம்பளமில்லாத தபால்காரி. இருந்தாலும் வேறு யாரிடம் போய்க் கேட்பேன் என்று சொல்லி, இதை எழுதுடி என்றேன். உன் தங்கை எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, அம்மா, அந்தக் கதவு நம்ம பட்டறையிலதான் இருக்கு என்றாள்.

எந்தக் கதவு என்று கேட்டேன். வேன்காரர் கோபத்தில் எனக்கு இந்தக் கதவே வேண்டாம் என்று வேறு வாங்கிப் போட்டுக்கொண்டாரே, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன் என்று அப்பா சொன்னாரே, அதே கதவு. தகரங்களுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி வைத்திருந்திருக்கிறார். டீ கொடுக்கப் போன இவள், அவர் அதை வெளியே எடுத்து மாதாவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, கைவிளக்கை அடித்து, உன் வடிசலைப் பார்ப்பதும் மாதாவின் கன்னத்தைப் பார்ப்பதுமாக இருந்ததைப் பார்த்திருக்கிறாள். கைப்பிடிக்குக் கீழே தொடங்கி, மெலிதாக இறங்கி, பாதியில் ஒரு துளியாக நிற்கிறதாம், அப்படியே கண்ணீர் மாதிரியாம். அவர் விரலால் அதன்மேல் தொடாமல் தொடுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தாராம். டீயைத் தரையில் வைத்துவிட்டு இவள் சத்தமில்லாமல் வந்துவிட்டாள், வந்தவள் இத்தனை நாள் என்னிடம் மூச்சுவிடவில்லை, இவள் வாயை என்ன சொல்வது. நேற்று கடிதத்தை அங்கேயே நிறுத்திவிட்டோம், கதவு விஷயத்தை இன்றுதான் எழுதுகிறாள்.

இன்று காலையில் தொடர்கிறோம். எழுந்ததும் அப்பா சவரம் செய்துகொண்டு, பெயிண்ட் படாத சட்டையாகத் தேடிப் போட்டுக்கொண்டு எங்கேயோ கிளம்பினார். திரும்பி வந்து தண்ணீர் கேட்டார், குடித்துவிட்டுத்தான் சொன்னார், தையல் கடைக்குப் போயிருந்தாராம். தெரியாமத் தேச்சுட்டேன்க்கா, வடிசல்னு நெனச்சுட்டேன் என்று நின்றபடியே சொல்லிவிட்டாராம். அக்கா மெஷினை நிறுத்தவே இல்லையாம், தைத்துக்கொண்டே கேட்டாராம். துணி முடிந்து ஊசி வெறுமனே ஓடுகிறது, அப்போதும் காலை எடுக்கவில்லையாம். அப்புறம் தலையைத் தூக்காமல், ஞாயித்துக்கிழமைக்குள்ள திரும்ப வந்துடுமா என்று ஒன்று மட்டும் கேட்டாராம். நீங்க என்ன சொன்னீங்க என்றேன். அவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டே, எனக்கு அது வராதுக்கா, எம்பொண்ணுக்கு வரும்னு சொன்னேன் என்றார். சாயங்காலம் சாமியாரிடமும் போகிறாராம். நான் துணைக்கு வரவா என்றேன், என்னைய என்ன தூக்கிட்டா போகப் போறாங்க என்றார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறகு மேஜை மேல் இந்தத் தாளைப் பார்த்துவிட்டு, அவளுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உன் தங்கையின் பின்னால் வந்து நின்றார், அவள் பேனா நகரவே இல்லை. எழுது என்று சொல்லி அவர் சொன்னதை அப்படியே இங்கே போட்டிருக்கிறாள்: அன்னைக்கு அந்தக் கதவுக்குக் கிளியர்ல தின்னர் எவ்வளவு விட்ட, கன்னை எவ்வளவு கிட்டப் புடிச்ச, எந்த எடத்துல கையை நிறுத்தின, அதைச் சொல்லு. அவ்வளவுதான் சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, நல்லா யோசிச்சு நிதானமாச் சொல்லச் சொல்லு, அவசரப்படுத்தாதே என்றார். மாதக் கடைசி வருகிறதே என்றேன், வரட்டும் என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, இரவு டூட்டி முடிந்து வந்ததும் தலைக்குக் குளிக்காதே, குளிருக்கு அந்தக் கம்பளிச் சட்டையைப் போடு, பெட்டியில் வைத்து அழகு பார்க்க அதைக் கொடுத்து அனுப்பவில்லை. கடவுள் உன் கைக்கும் காலுக்கும் காவலாக இருக்கட்டும், நீ தொடும் நோயாளிகள் எழுந்து நடக்கட்டும், உன் பெயரை நாங்கள் ஒவ்வொரு செபத்திலும் சொல்கிறோம். ஒன்று மட்டும் மறக்காதே, பதிலைக் கடிதத்தில் எழுதிக்கொண்டிருக்காதே, நாளாகிவிடும். இது கிடைத்த அன்றே மருந்துக்கடைக்குப் போன் போடு, கடைக்காரர் கேட்டால் கேட்டுக்கொண்டு போகட்டும். என்னைக் கூப்பிடச் சொல்லாதே, அப்பாவைக் கூப்பிடச் சொல்.

இப்படிக்கு,
உன் குரலைக் கேட்க அவரைக் கடைவரை அனுப்பிவிட்டு வாசலிலேயே நிற்கப்போகும்
உன் அம்மா