உனக்குக் கடல் பிடிக்காதாம்

அம்மா,

உன் ஒயர் கூடை என் எதிரே இருக்கிறது. பச்சையும் வெள்ளையுமாக நீயே பின்னியது. நேற்று முன்தினம் பரணில் இருந்து இறக்கிக் கவிழ்த்துத் தட்டினேன், மூலையில் இருந்து மணல் கொட்டியது. ஒவ்வொரு வருஷமும் மாபலிபுரத்தில் நாங்கள் குளித்துவிட்டு வந்து அதில் திணித்த ஈரத்துணியில் இருந்து உதிர்ந்த மணல். நம் வீட்டுத் துணிமணியெல்லாம் கடலுக்குள் போய் வந்திருக்கிறது, நீ மட்டும்தான் போகவில்லை. பெருக்கித் தள்ள மனம் வராமல் அள்ளித் திரும்பக் கூடையிலேயே போட்டேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

போன வருஷம் நீ போன தீட்டு என்று யாரும் கோயிலுக்கு மலை ஏறவில்லை. இந்த வருஷம் எல்லாம் பழையபடி. ஆடிக்கிருத்திகை முடிந்து, வீடு நிறைய உறவு, மறுநாள் கடலுக்கு வேன். "அம்மா கூடைய எடுத்துக்கோ, கட்டு சோறு வைக்க அதுதான் சரியா இருக்கும்" என்றார் நைனா. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அத்தை பெருமூச்சு விட்டாள். "பாவம், அவளுக்குக் கடல்னாலே பிடிக்காது. வந்தாலும் ஓரமா குந்திகினு இருப்பா."

"ஆங், தண்ணின்னா அவளுக்குப் பயம்" என்றார் நைனா.

உன் போட்டோவுக்குக் கீழே நின்றுகொண்டு சொன்னார்கள். உன்னோடு அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவர் சொன்னார்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். மலைக்குப் போனால் ஒருவர் கீழே குளத்தங்கரையில் செருப்புக்கும் பைக்கும் காவல். மேலே போனவர்கள் இறங்கி வந்ததும் காவல் மாறும், கீழே இருந்தவர் ஏறிப் போவார். கூட்டம் எப்படி இருந்தாலும் நைனா உனக்காகக் காத்திருப்பார். "நீ போய் நல்லா கும்பிட்டு வா, நான் இருக்கேன்" என்பார். அதே வழக்கத்தைத்தான் மாபலிபுரத்துக்கும் கொண்டுபோனோம். அங்கேயும் ஒருவர் கூடையோடு உட்கார வேண்டும். ஆனால் அங்கே காவல் மாறவே இல்லை. சாமியைப் பார்க்காமல் திரும்பினால் பாவம் வந்து சேரும். கடலைப் பார்க்காமல் திரும்பினால் யாருக்கு என்ன வந்துவிடும்?

நாங்கள் சுற்றாத இடம் இல்லை. வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பதுபோல நைனா போட்டோ எடுத்துக்கொண்டார். ஐந்து ரதத்தில் யானை முதுகைத் தடவினோம். கலங்கரை விளக்கத்தில் ஏறினோம். கடற்கரைக் கோயிலில் தொடங்கிப் படகுகள் நிற்கிற இடம் வரைக்கும் அலையோரமாகவே நடந்தோம். வேன் நிறுத்தும் இடமும் கழிப்பறை வரிசையும்தான் நீ பார்த்த மாபலிபுரம். எந்தப் போட்டோவிலும் நீ இல்லை. கையைப் பிடித்து இழுத்தால், "எனக்குத் தண்ணி ஆகாதும்மா. நீ போ, நான் பாத்துகினு இருக்கேன்" என்பாய். எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்? எங்கள் செருப்பைத்தானே.

தண்ணி ஆகாது என்றது பொய். நான் பாவாடை கட்டுகிற வயசில் ஒரு முறை சொட்டச் சொட்ட ஓடி வந்தேன். மற்றவர்கள் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். நீ என் பாவாடை ஓரத்தை இழுத்து உன் உள்ளங்கையில் பிழிந்தாய். தீர்த்தம் மாதிரி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாய். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, "உப்பாத்தான் இருக்குது" என்று சிரித்தாய்.

"நீயே போய்ப் பாரேம்மா."

"அப்புறம் போய்க்கலாம்."

வேன்காரர் ஹாரன் அடித்தார், எல்லோரும் ஏறிவிட்டோம்.

அந்தச் சிரிப்பின்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். ஒரு தடவை கூடையை அத்தை மடியில் போட்டுவிட்டு நடந்திருக்கலாம் இல்லையா? என்ன ஆகியிருக்கும்? செருப்பு காணாமல் போயிருக்கும். அரக்கோணத்தில் இறங்கி வேறு செருப்பு வாங்கியிருப்போம். இதற்குப் போய் ஒரு ஆயுசையே காவல் வைத்தாயே.

நேற்று வேன் நின்றதும் நைனா சுற்றிப் பார்த்தார். யாரைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். பிறகு தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டார். "தேவகி, நீ இங்கியே இரும்மா. கூடையப் பாத்துக்கோ. அப்புறம் போய்க்கலாம்."

அவளும் புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்காரப் போனாள். "சரிங்க மாமா. எனக்குத் தண்ணி ஆகாதுங்க."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "தேவகி, எழுந்திரு. நைனா, நீங்க குந்துங்க."

"நானா?"

"மலையில குந்துவீங்க இல்ல, அதேதான்."

"இன்னாடி பேச்சு இது, பெத்த அப்பன்கிட்ட?" என்றாள் அத்தை.

"அப்போ நீங்க இருங்க அத்தை."

அத்தை கடலைப் பார்த்து நடந்தாள். தம்பி செல்போனைத் துடைக்க ஆரம்பித்தான். நைனா மரத்தடியில் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டார். தேவகி முழங்கால் தண்ணீரில் நின்றவள் நின்றவள்தான், கூப்பிடக் கூப்பிடக் கரைக்கு வரவில்லை.

திரும்பி வந்தபோது நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "நான் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

"நேரமாயிடுச்சு நைனா. வேன்காரர் கத்துவார். அப்புறம் போய்க்கலாம்."

அவர் என்னையே பார்த்தார். நான் என் முந்தானையை அவர் உள்ளங்கையில் பிழிந்தேன். "இதான் கடல். அம்மா இப்படித்தான் பாத்தாங்க."

அவர் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. குவித்த கையைப் பார்த்துக்கொண்டே நின்றார், தண்ணீர் விரல் இடுக்கில் ஒழுகிவிட்டது. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா அனுப்பியிருப்பேனே" என்றார்.

"மலைக்கு அனுப்புனீங்களே, அதுக்கு அம்மா கேட்டாங்களா?"

காஞ்சிபுரம் தாண்டும்வரை அவர் கூடையை மடியைவிட்டு இறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குக் கழுவப் போனார், நான் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மணல் அதில்தான் இருக்கும். அடுத்த ஆடிக்கும் கூடை வரும், முதலில் யார் உட்காருவது, எப்போது மாறுவது என்பதை நான் சொல்வேன். ஒரு நாளாவது நீ பட்டிருக்க வேண்டிய கோபம் அம்மா இது. உனக்குப் பதிலாக நான் வைத்திருக்கிறேன், யார் வந்து நல்ல வார்த்தை சொன்னாலும் கீழே வைக்க மாட்டேன்.