சாமி அறைச் சுவிட்சும் குளியலறை விசிறியும்

அத்திம்பேர்,

இன்று காலை எங்கள் வீட்டு மிக்ஸி, தேங்காய்த் துவையலோடு நடத்திய போரில் வீரமரணம் அடைந்தது. ரப்பர் கருகும் அந்த வாசனை என்னை அப்படியே தூக்கி, அடையாற்றைத் தாண்டி, எழுபதுகளுக்குள் புகுந்து, மயிலாப்பூரில் உங்கள் வீட்டுக் குளியலறையில் இறக்கிவிட்டது.

காலை வேளைகளில் அந்தக் குளியலறையில்தான் மேகங்கள் உற்பத்தியாகும். தாமிர பாய்லரின் கரிப்புகையும் வெந்நீர் ஆவியும் கலந்து, கையில் எடுத்த செம்பு தெரியாது. சில நாள் கையே தெரியாது. அக்காவுக்கோ இழுப்பு. பச்சைத் தண்ணீர் ஆகாது என்றார் டாக்டர்; புகையும் ஆகாது என்றார். வீட்டில் முதலில் குளித்துவிட்டு அடுப்பு மூட்ட வேண்டியவளும் அவள்தான். கதவுக்குப் பின்னால் அவள் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கும். வெளியே நீங்கள் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்.

ஆகவே நாம் இருவரும் சிந்தாதிரிப்பேட்டை மீது படையெடுத்தோம். பழைய சாமான் கடைக்காரர் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனைத் தட்டிக் காட்டினார்.

"ஓட்டல்ல ஓடிக்கினு இருந்தது நைனா. போட்டுப் பாரு, வூட்டையே இழுத்துக்கினு பூடும்."

சுவரில் ஓட்டை போட்டோம். வெயில் ஒரு தூணாக உள்ளே வந்து நின்றது. தூசியும் ஆவியும் அதில் மெதுவாக நீந்த, வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு வயர். அந்த வீட்டு வயர்கள் பல்லவர் காலத்தவை. மரச்சட்டத்தின் மேல் ஓடிய துணி சுற்றிய வயரைத் தொட்டால், உள்ளே ரப்பர் அப்பளமாக நொறுங்கும். கொஞ்சமாவது உயிரோடு இருந்தது, பின்சுவர் வழியாகச் சாமி அறை பல்புக்குப் போன ஒன்றுதான். அதிலிருந்து ஒரு கிளை இழுத்து முடித்தீர்கள். நான் ஸ்டூலைப் பிடித்தபடி ராஜகட்டளைகள் பிறப்பித்தேன்.

விசிறி சுற்றவில்லை. அதற்கு இரங்கற்பா பாடினேன். விளக்கு வைக்கும் நேரத்தில் உங்கள் அப்பா சாமி அறைச் சுவிட்சைத் தட்டினார். குளியலறையில் ஆகாய விமானம் கிளம்பியது! சுவிட்சைத் தாண்டிய வயரிலல்லவா கிளை எடுத்திருந்தோம்! அங்கே சாமிக்கு வெளிச்சம் வந்தால்தான் இங்கே அக்காவுக்குக் காற்று.

"குளிக்காதவா யாரும் சாமி உள்ளுக்குள்ள கால் வைக்கப்படாது," என்றார் அப்பா. வீட்டில் முதலில் குளிப்பவளே அக்கா; அவளுக்கு முன்னால் சுவிட்சைத் தட்டக் குளித்தவருக்கு எங்கே போவது?

"அப்ப ராத்திரியே போட்டு வெச்சுடலாமே மாமா?" என்றேன்.

"விடிய விடிய பல்பு எரிஞ்சுண்டிருந்தா பெருமாள் எப்படிடா தூங்குவார்?"

"ஞாயித்துக்கிழமை மாத்திடறேன்ப்பா," என்றீர்கள். அப்பாவின் பேச்சை நீங்கள் மீறி, அந்த வீட்டுப் பல்லிகூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அக்கா குளிக்கப் போனாள். இழுப்பு வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. பிறகு செம்புச் சத்தம் நின்றது. கதவைத் தட்டினீர்கள். "ஆச்சு, ஆச்சு" என்ற பதிலில் பாதிதான் வெளியே வந்தது.

நீங்கள் சாமி அறை வாசலுக்குப் போனீர்கள்.

"டேய், நீ இன்னும் குளிக்கலை," என்றார் அப்பா, ஊஞ்சலிலிருந்து.

"இல்லைப்பா," என்று ஒப்புக்கொண்டே, கலைந்த தலையும் கசங்கிய வேட்டியுமாக உள்ளே நடந்து சுவிட்சைத் தட்டினீர்கள்.

விசிறி உறுமியது. புகை வாலைச் சுருட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடியது. அக்காவின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சீராவதை மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம், ஏதோ தூரத்துக் கச்சேரியைக் கேட்பது போல. ஊஞ்சலை ஒரு உந்து உந்திவிட்டு அப்பா சொன்னார்: "பெருமாளுக்கும் கொஞ்சம் புழுக்கமாத்தான் இருந்திருக்கும்."

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அக்காவுக்கு இழுப்பு அதிகம்; போன மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். உள்ளே வரக்கூடாது என்று கண்ணாடிக் கதவில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தையே பார்க்காதவன் போல நுழைந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"யார் சார் நீங்க? யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?" என்று நர்ஸ் அதட்டினாள்.

"இவ ஆத்துக்காரர் அனுப்பிச்சார்மா," என்றேன்.

ஆக்சிஜன் முகமூடிக்குள் அக்கா சிரித்தாள்.