துவைக்காத ஸ்வெட்டர்

மார்ச் 4

மேனேஜரின் அம்மாவுக்கு,

நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் பல்வலியில் இடது கன்னம் வீங்கி, பாதி முகம் பக்கத்து வீட்டுக்காரருடையது போல இருக்கிறது.

நீ கிளம்பிய அன்று வாசலில் நின்று, "போன் பண்ணாதீங்க. உங்க 'ம்'மைக் கேக்கறதுக்கு நான் சும்மாவே இருந்துக்குவேன். சொல்ல ஏதாவது இருந்தா எழுதுங்க" என்றாய். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்ததிலேயே ஒன்றரை வருடம் போய்விட்டது. இப்போது இருக்கிறது. பூனையைப் பற்றி.

மேனேஜருக்குச் சிறுநீரகம் சரியில்லை என்பது உனக்குத் தெரியும். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் சலைன் ஏற்றுகிறேன். காலையிலும் மாலையிலும் மாத்திரை. ஊசிகூடப் பரவாயில்லை, மாத்திரைதான் மல்யுத்தம். கதவுக்குப் பின்னால் நீ மாட்டிவிட்டுப் போன பழுப்பு ஸ்வெட்டரில் சுற்றினால் அடங்கிவிடும், உன் வாசனை இருந்ததால். போன வாரம் அதிலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. துவைத்துப் போட்டேன். அதோடு சரி. இப்போது அதில் சுற்றினால், வீட்டுக்குள் நுழைந்த திருடனைக் கடிப்பது போல என்னைக் கடிக்கிறது.

நீ போட்டுக் கழற்றிய ஸ்வெட்டர் ஒன்றை அனுப்பி வை. துவைக்காமல். பல்லைப் பற்றிக் கவலைப்படாதே, ஒரு பக்கமாக மெல்லுகிறேன்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


மார்ச் 10

மேனேஜரின் அப்பாவுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டேன். பிரித்தால் பல்லும் பூனையும்.

ஒரு பக்கமாக மெல்லுவது எந்த ஊர் வைத்தியம்? இருபது மாடி உயரத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை பார்க்கிற மனிதருக்குப் பல் டாக்டரின் நாற்காலியில் உட்காரப் பயம். பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள். உங்களுக்கு அந்தப் பயமும் கிடையாது, போவதற்குச் சொல் இருந்தால்தானே!

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இந்த மருத்துவமனையின் சலவைக் கூடம் பழையதைவிடப் பெரிது. மூன்று எந்திரங்கள். நடுவில் இருப்பது சுற்றச் சுற்ற நகர்ந்து கதவுப்பக்கம் வந்துவிடும், நானும் பெண்களும் சேர்ந்து பழைய இடத்துக்குத் தள்ளிவிடுவோம். படுக்கை விரிப்பைப் பார்த்ததுமே அது மருந்தா, ரத்தமா, சூப்பா என்று சொல்லிவிடுகிறேனாம், எனக்குக் கறை டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

என் பச்சை ஸ்வெட்டரை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மேனேஜரின் காதுக்குப் பின்னால் என் சார்பாகச் சொறிந்து விடுங்கள்.

கறை டாக்டர்


மார்ச் 19

மேனேஜரின் அம்மாவுக்கு,

பார்சல் வந்தது. பிரித்தேன். துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து, மருத்துவமனை சோப்பு வாசனை மூக்கைத் துளைக்க! மேனேஜர் ஒரு முறை முகர்ந்து பார்த்தது, தும்மியது, போய்ப் பழைய செய்தித்தாளின் மேல் படுத்துக்கொண்டது. துவைக்காமல் என்று எழுதியிருந்தேனே அம்மா.

சிரிப்பதற்கு இவ்வளவுதான். நேற்று விலங்கு மருத்துவரிடம் காட்டினேன். அது கடிப்பது என் மேல் கோபத்தில் இல்லையாம். ஈறு முழுக்கப் புண். வாயைத் தொட்டாலே உயிர் போகிற வலி. மூன்று நாளாகத் தட்டின் முன்னால் உட்காருகிறது, சாப்பாட்டைப் பார்க்கிறது, எழுந்து போய்விடுகிறது. கரைத்துக் கொடுத்தால் கொஞ்சம் நக்குவதோடு சரி. கெட்ட பற்களை எடுத்தால்தான் சாப்பிடும் என்கிறார். எடுக்க மயக்க மருந்து தர வேண்டும். சிறுநீரகம் இருக்கிற நிலையில் மயக்கத்திலிருந்து எழுந்திருக்கும் என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை.

"வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்லுங்க" என்றார். வீட்டில் நான் கலந்து பேச இருப்பது மேனேஜர் மட்டும்தான். நீ சொல்.

லிஃப்ட்காரன்


மார்ச் 25

மேனேஜரின் அப்பாவுக்கு,

தலையில் அடித்துக்கொண்டேன். துவைக்காமல் என்பதைப் படித்தேன், புரிந்துகொண்டேன், கழற்றினேன், நேராகக் கொண்டுபோய் எந்திரத்தில் போட்டேன். நாள் முழுக்க அதையே செய்கிற கை, என்னைக் கேட்காமலே செய்துவிட்டது. நீல ஸ்வெட்டரை இன்று முதல் போட்டிருக்கிறேன். வேர்வை ஊறட்டும், அனுப்புகிறேன்.

பல்லை எடுத்துவிடுங்கள். பசியோடு தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிழைப்பு அதற்கு வேண்டாம். எழுந்திருக்காமல் போனாலும் அது நாம் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவாக இருக்கட்டும், உங்கள் தலையில் மட்டும் விழ வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை. அதற்கு முன்னால் நீங்கள் போய் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். வாயில்லாத ஜீவனை மேஜையில் படுக்க வைத்துவிட்டு, வாயிருக்கிறவர் கிராம்பைக் கடித்துக்கொண்டு வெளியே நின்றால் நியாயமில்லை.

இன்னொன்று. இங்கே என்னை நிரந்தரமாக்குகிறார்கள். ஏப்ரல் கடைசிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் இனி இந்த ஊர்தான். நான் கோபத்தில் வந்துவிடவில்லை. ஒரு வீட்டில் ஒருத்தி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் அவள் மனைவி இல்லை, ரேடியோ. அப்படித்தான் இருந்தது எனக்கு. இந்த வேலை விஷயத்தில் உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் நான் சம்மதம் சொல்லிவிடுகிறேன்.

கறை டாக்டர்


மார்ச் 31

மேனேஜரின் அம்மாவுக்கு,

உட்கார்ந்துவிட்டேன். வேர் சிகிச்சையாம். டாக்டர் சின்னப் பெண். "வலிச்சாக் கையைத் தூக்குங்க" என்றாள். தூக்கினேன். "ஐயோ, நான் இன்னும் தொடவே இல்லைங்க!" என்றாள்.

மரத்துப்போன பிறகு வலி இல்லை. ஆனால் அந்தப் பெண் பேச்சை நிறுத்தவே இல்லை. என் வாயில் ஒரு குழாய், இரண்டு பஞ்சு, அவளுடைய விரல். அந்த நேரம் பார்த்துக் கேட்கிறாள், "வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க? கூட்டிட்டுப் போக யாரும் வரலையா?" என் மனைவி வேறு ஊரில் இருக்கிறாள், அவளை வரச் சொல்ல வேண்டும் என்று சொல்ல வந்தேன். சத்தியமாகச் சொல்ல வந்தேன். "ஆ... ஆ..." என்றுதான் வந்தது. "சரி, சரி, அப்புறமாச் சொல்லுங்க" என்றாள். வாய் காலியானபோது அவள் அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

இன்னும் இரண்டு முறை போக வேண்டும். மேனேஜருக்கு வரும் திங்கள். நீ கேட்டதற்கு யோசித்து எழுதுகிறேன்.

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 5

மேனேஜரின் அம்மாவுக்கு,

விலங்கு மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து, வரவேற்பில் இருக்கிற பெண்ணிடம் பேனா வாங்கி எழுதுகிறேன். மேனேஜரை உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். பழகிய துணி ஏதாவது கொடுங்கள் என்றார்கள். நீலம் இன்னும் வரவில்லை. உன் பச்சை ஸ்வெட்டரைத்தான் கொடுத்தேன். சோப்பு வாசனை போவதற்காக அதைத் தலைக்கு வைத்துப் படுத்து வந்தேன். பூனைக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இப்போது அதில் என் வாசனைதான், மேனேஜரும் அதன் மேலேயே படுத்துக்கொள்கிறது.

யோசித்து எழுதுகிறேன் என்றது பொய். யோசிக்க ஒன்றும் இல்லை. சம்மதம் சொல்லாதே. வீட்டுக்கு வா. மாத்திரை கொடுக்க இல்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு நீ வேண்டும்.

உனக்கு ஒன்று தெரியாது. வேலையிலிருந்து திரும்பும்போது வழி நெடுக உன்னிடம்தான் பேசிக்கொண்டு வருவேன், மனதுக்குள். எந்த மாடியில் யார் சிக்கிக்கொண்டார், கதவைத் திறந்ததும் அவர் எப்படி ஒன்றும் நடக்காதது போலத் தலையை வாரினார், எல்லாம். வீடு வந்து சேரும்போது உனக்குச் சொல்லி முடித்துவிட்டது போல இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். நீ எதுவுமே கேட்டிருக்க மாட்டாய் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பின்குறிப்பு: மேனேஜர் கண் விழித்துவிட்டது! முன்பற்களைத் தவிர எல்லாம் போயாயிற்று. நாக்கு ஒரு பக்கம் தொங்குகிறது. என்னைப் பார்த்து வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. புரிகிறது என்றேன். சிறுநீரகம் சரியாகப் போவதில்லை, கடைசிவரை சலைன்தான் என்கிறார் டாக்டர். சரி என்று சொல்லிவிட்டேன்.

உன் லிஃப்ட்காரன்


ஏப்ரல் 12

என் லிஃப்ட்காரருக்கு,

கடிதத்தை எந்திரத்தின் பக்கத்தில் நின்று படித்தேன். "கண்ணுல என்னக்கா?" என்று பெண்கள் கேட்டார்கள். சோப்பு என்றேன். கறை டாக்டரின் பேச்சை யார் மறுப்பார்கள்?

நிரந்தர வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அங்கே பழைய இடத்துக்கே மாற்றல் கேட்டிருக்கிறேன், வர நாளாகும். அதுவரை விடுப்பு. சனிக்கிழமை பேருந்து. நிலையத்துக்கு வராதீர்கள், அது மேனேஜரின் மாத்திரை நேரம். கதவைத் திறந்ததும், தலையை வாரினாரே அந்த மனிதர், அவர் கதையிலிருந்து ஆரம்பியுங்கள். மீதிக் கதைகளும் எனக்கு வர வேண்டியவைதான், ஒன்றையும் விடக் கூடாது.

நீல ஸ்வெட்டர் ஏன் வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். இரண்டு வாரமாகப் போட்டிருக்கிறேன். அனுப்ப வேண்டும் என்று மூன்று தடவை மடித்துத் தாளில் சுற்றினேன். துவைக்காத துணியைத் தபாலில் போட இந்தக் கைக்கு மனசு வரவில்லை. அதனால் அதைப் போட்டுக்கொண்டு நானே வருகிறேன்.

மேனேஜரின் அம்மா