நான் துடைத்த வட்டங்கள்

என் மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். இந்தக் கடிதம் எந்த இடத்தில் உன் கைக்கு வருகிறதோ, அங்கேயே வண்டியை நிறுத்து. ஓர் அடிகூட நகர்த்தாதே. காருக்குப் பின்னால் மாட்டியிருக்கிற அப்பாவின் பின்வண்டிக்குள் பாப்பா படுத்திருந்தால் முதலில் அவளை வெளியே கூப்பிடு. பிறகு மீதியைப் படி.

விடிந்ததிலிருந்து உன் போனுக்கு முப்பது தடவைக்கு மேல் அடித்துவிட்டேன். மாப்பிள்ளை போனும் அப்படியே கிடக்கிறது. என் மேல் உள்ள கோபத்தில் எடுக்கவில்லையா, டவர் இல்லாத இடத்துக்குப் போய்விட்டீர்களா, தெரியவில்லை. எதிர்வீட்டு டீச்சர் செக்போஸ்டுக்குப் பேசிப் பார்த்தார். தினமும் நூறு வண்டி போகிறது, கண்ணில் பட்டால் சொல்கிறோம் என்றார்களாம். அதை நம்பி நான் சும்மா உட்கார முடியுமா? சிலிண்டர் லாரிக்காரர் இன்று பத்து மணிக்கு அந்தப் பக்கம் போகிறார். தார் ரோடு முடிகிற இடத்தில் இருக்கிற கடையில் நீங்கள் ராத்திரி தங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்பா போட்டு வைத்த வழி அதுதானே. லாரி அங்கே போய்ச் சேர விடிகாலை ஆகுமாம். நீயோ ஆறு மணிக்கெல்லாம் வண்டியைக் கிளப்புகிறவள். அதற்குள் சேர வேண்டுமே என்று இங்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இது உன்னைத் திருப்பிக் கூப்பிடுகிற தந்திரம் இல்லை. நீ அப்படித்தான் நினைப்பாய். ஒரு மாதமாக நான் பேசின பேச்சு அப்படி. வண்டியை விற்றுவிடு என்றேன், பாப்பாவுக்கு மலைக்காற்று ஆகாது என்றேன், அப்பா போய் ஒரு வருஷமாவது ஆகட்டும் என்றேன். புலி வருது புலி வருது என்று கத்தினவள் நான்தான். இப்போது நிஜமாகவே வந்திருக்கிறது. இந்த ஒரு தடவை நம்பு.

பின்வண்டியில் வலது சக்கரத்துப் பக்கம், ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு பிடிக்கிற இரண்டு இரும்புக் காதும் முழுசாக வெல்டிங் ஆகவில்லை. நகராமல் இருக்க அங்கங்கே புள்ளியாகப் பொட்டு மட்டும்தான் வைத்திருக்கிறது.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். கல்லு ரோட்டுக்கு வண்டியின் வயிறு தட்டும் என்று அப்பா பழைய காதுகளை அறுத்துவிட்டு உயரமாகப் புதுசு வைத்தார். காரோடு மாட்டுகிற கொக்கி நுனியிலிருந்து அச்சின் இரண்டு முனைக்கும் நூல் பிடித்துப் பார்த்தோம். நூலின் ஒரு முனை என் கையில்தான் இருந்தது. இரண்டு பக்கமும் சரியாக வரும் வரை நாலு தடவை தட்டித் தட்டி நகர்த்தினார். என் கை ஆடுகிறது என்று திட்டினார். உங்கள் வண்டிதான் ஆடுகிறது, என் கை ஆடவில்லை என்றேன். சிரித்துக்கொண்டே பொட்டு வைத்தார். அவர் வழக்கம் உனக்குத் தெரியும். பொட்டு வைத்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார். முழுசாகப் பற்ற வைத்த பிறகுதான் வட்டத்தை அழிப்பார். வட்டம் இருந்தால் பாதி வேலை, இல்லாவிட்டால் முழு வேலை. அதை உனக்குச் சொல்லிக் கொடுத்தபோதுதானே உன்னை மேஸ்திரி என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அன்றைக்கு இடது பக்கம் முடித்து அந்த வட்டங்களை அழித்துவிட்டார். வலது பக்கத்துக்கு நாலு வெல்டிங் கம்பியைத் தனியாக எடுத்துத் தகர டப்பாவில் வைத்தார். ஒரு தையலுக்கு ஒரு கம்பி என்பது அவர் கணக்கு. "நெஞ்சு கரிக்குது. ஒரு வாய் டீ குடிச்சுட்டு வந்து முடிச்சிடறேன்." இதுதான் சொன்னார். டீ ஆறிப்போனது வரைக்கும்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் ஜனங்கள் வந்தார்கள். வீட்டுக்குள் இடம் போதாமல் பட்டறையில் நாற்காலி போட்டார்கள். யாரோ என்னை உட்கார் என்றார்கள், யாரோ அழு என்றார்கள். எனக்கு இரண்டும் வரவில்லை. வருகிறவர்கள் சட்டையில் தூசி ஒட்டுமே என்று ஓர் ஈரத்துணியை எடுத்து அந்த வண்டியைத் துடைத்தேன். மேலே துடைத்தேன், பக்கத்தில் துடைத்தேன், மண்டி போட்டு அடியில் சட்டத்தையும் துடைத்தேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று உன் அத்தை வந்து என் கையைப் பிடித்துத் தூக்கினாள். துணியை ஆணியில் மாட்டினேன். அதன் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

இன்று காலையில்தான் பட்டறையைத் திறந்தேன். வண்டி நின்ற இடம் காலியாக இருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், எதையாவது துவைக்கலாம் என்று அந்தத் துணியை எடுத்தேன். காய்ந்து விறைத்துப்போய் இருந்தது. அதில் வெள்ளை வெள்ளையாக வளைந்த கோடு. முதலில் புரியவில்லை. டப்பாவைத் திறந்து பார்த்தேன். நாலு கம்பியும் அப்படியே இருக்கின்றன.

வட்டத்தை அழித்தது அவர் இல்லை. நான்.

அது மட்டும் என்றால்கூட என்னைத் தேற்றிக்கொள்வேன். அடியில் தார் பூசுவதற்கு முன்னால் நீ என்னிடம் கேட்டாயே. வட்டம் ஒன்றும் காணோம், அப்பா எல்லாத்தையும் முடிச்சிட்டாரா என்று கேட்டாய். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னேன். "உங்கப்பா எதையாச்சும் பாதியில விட்டிருக்காரா?"

விட்டார், கண்ணு. பாதியில்தான் விட்டுப் போனார். அதை வாயால் ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பொய்யான வீம்பின் மேல் நீ தாரைப் பூசினாய், அதன் மேல் பாப்பாவுக்கு மெத்தை போட்டாய். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கின கதை. மண்குதிரையைச் செய்து கொடுத்தவள் நான்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வை. வலது பக்கம் டார்ச்சோடு படுத்துப் பார். காது இரண்டும் சட்டத்தோடு சேருகிற இடம், அச்சுக்கு மேலே உள்பக்கமாக இருக்கும், சும்மா குனிந்தால் தெரியாது. தாரை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டு. நீளமாகத் தையல் போல ஓடியிருந்தால் அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சிரித்துக்கொள். மிளகு மிளகாகத் தனித்தனிப் பொட்டாக இருந்தால் நான் சொன்னதுதான். தார் ரோட்டில் இதுவரை தாங்கியிருக்கும். கல்லு ரோட்டில் தாங்காது. முதல் பள்ளத்திலேயே ஸ்பிரிங் கழன்று சக்கரம் உள்ளே சாயும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் அதலபாதாளம் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். மெதுவாகத்தானே போகிறோம் என்று பாப்பாவை உள்ளே படுக்க வைத்துக்கொண்டு போகாதே. அவள் அழுதாலும் சரி, ஜன்னல் வழியாகக் கை ஆட்ட வேண்டும் என்று அடம் பிடித்தாலும் சரி. மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் "பார்த்துக்கலாம் அத்தை" என்று சொல்கிற மனுஷர். இதைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று நான் சொன்னதாகச் சொல்.

அந்தக் கடைக்குப் பின்னால் பஞ்சர் ஒட்டுகிறவரிடம் வெல்டிங் மெஷின் உண்டு என்று அப்பா குறித்து வைத்திருக்கிறார். இந்தக் கடிதத்தோடு பிளாஸ்டிக் பையில் சுற்றி அந்த நாலு கம்பியையும் அனுப்புகிறேன். ஈரம் ஏறியிருக்கும் என்று தோசைக்கல்லில் போட்டுச் சூடு பண்ணித்தான் கட்டியிருக்கிறேன். அவர் செய்வதைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. வேறு கம்பி நல்லது என்று அந்த ஆள் சொன்னாலும் கேட்காதே. அப்பா எடுத்து வைத்தது இது. இதாலேயே முடியட்டும்.

பையில் ஒரு சாக்பீஸும் இருக்கிறது. தாரைச் சுரண்டினதும் நீயே வட்டம் போடு. தையல் முடிந்து, கம்பி தீர்ந்து, நீ கையால் தட்டிப் பார்த்த பிறகு நீயே அழி. வேறு யாரையும் தொட விடாதே.

சரி பண்ணின பிறகு திரும்பி வந்துவிடாதே. மேலே போ. அப்பா போக ஆசைப்பட்ட அந்த மலையில் நின்று, பின்வண்டியின் பின்மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அதற்கடியில் அவர் வைத்த அடுப்பில் பாப்பாவுக்குப் பால் காய்ச்சிக் கொடு. நேற்று நீ கிளம்பும்போது நான் வாசலுக்கு வரவில்லை. கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். கொக்கி மாட்டின சத்தமும் கேட்டது, நீ இரண்டு தடவை ஹாரன் அடித்ததும் கேட்டது. அது எனக்காகத்தான் என்றும் தெரியும்.

லாரிக்காரர் வாசலில் நிற்கிறார். எழுத்து கோணலாக இருக்கும், படித்துக்கொள். நீ சுரண்டிப் பார்த்துவிட்டாய் என்று தெரிகிற வரைக்கும் நான் போனைக் கையை விட்டு வைக்க மாட்டேன். டவர் கிடைக்கிற முதல் இடத்தில் நின்று, ஒரே ஒரு ரிங் விட்டால் போதும். பேச வேண்டாம். கோபம் இருந்தால் இருக்கட்டும்.

மூன்று பேரும் முழுசாக இருங்கள்.

அம்மா