குளிரில் கழன்ற லேபிள்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள், குட்டிக்குச் சளி விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதித்தான் இத்தனை வருடமும் ஆரம்பித்திருக்கிறேன், இன்றைக்கு அந்த வரியை எழுதக் கை ஓடவில்லை. போனில் பேசினால் குரல் ஏறிவிடும், அதனால்தான் கடிதம். உன் தம்பி மறுபடியும் வேலையை விட்டுவிட்டான், கேட்டால் முதலாளி சரியில்லையாம், எந்த முதலாளி சரியாக இருந்தான். மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பழுது பார்க்க வந்தவன் பார்த்துவிட்டு மட்டும் போனான்.

போன வாரம் போனில் நீ செய்து விற்கிற திரவ சோப்புப் பாட்டிலுக்கு எந்த ஸ்டிக்கர் நல்லது என்று கேட்டாயே, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காகிதம் வேண்டாம். பார்க்க லட்சணமாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் குளியலறையில் ஈரக்கை பட்டுப் பட்டு ஊறித் திரிதிரியாக வந்துவிடும். பிளாஸ்டிக் படல ரகம் வாங்கு, உன்னுடையது அமுக்கிப் பிழிகிற பாட்டில் என்பதால் அதிலும் மெல்லியதாக, கூடவே வளைகிற மாதிரி கேள், விறைப்பான ரகம் இரண்டு அமுக்கில் மடிப்பு விழுந்து கிழவி முகமாகிவிடும். எழுத்துக்கு மேல் ஒரு பூச்சு கட்டாயம் போடச் சொல். கடைக்காரன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாதே, ரகத்துக்கு ஒரு துண்டு வாங்கி ஒட்டிக் குளியலறையிலேயே கொஞ்ச நாள் விட்டுப் பார். எங்கே வைக்கப் போகிறோம் என்று யோசிக்காமல் லேபிள் வாங்குவது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போல.

இதைத்தான் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் தலைபாடாக அடித்துக்கொண்டேன். ஸ்டோர் பொறுப்பு என்னுடையது, சாமான் வாங்கும்போது என் வார்த்தைக்கு மட்டும் மதிப்பு கிடையாது. என்னிடம் வேலை கற்றுக்கொண்டு இன்று எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிறாரே மேலாளர், நாம் வீட்டில் இஸ்திரிச் சட்டை என்போமே, அவர் செலவு குறைக்கிறேன் என்று சாதாரணக் காகித லேபிளை வாங்கச் சொன்னார். ரத்தம் பிடித்து வைக்கிற, விரல் தடிமன் கூட இல்லாத சோதனைக் குழாயில் காகிதம் சுற்றி நிற்காது, ஓரம் கொடி மாதிரி தூக்கிக்கொள்ளும், உறைபெட்டிக் குளிரில் அந்தப் பசை கல்லாகிப் பிடியை விட்டுவிடும், குளிருக்கென்றே பசை தடவிய படல லேபிள் இருக்கிறது என்று கூட்டத்தில் சொன்னேன். சார் கோந்துக்கே டாக்டர் பட்டம் வாங்கிடுவார் போலிருக்கே என்றார், எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த ஒவ்வொரு முகமும் எனக்கு நினைவிருக்கிறது.

இந்த வாரம் ஒரு நாள் காலையில் சோதனைக்கூடப் பெண் மூச்சிரைக்க ஸ்டோருக்கு ஓடி வந்தாள். சார் கொஞ்சம் வந்து பாருங்க, ஒண்ணு கூட நிக்கல என்றாள். போய்ப் பார்த்தால் உறைபெட்டித் தட்டு முழுக்க லேபிள்கள் சருகு மாதிரி உதிர்ந்து கிடக்கின்றன, குழாய்கள் எல்லாம் அம்மணமாக, எது யாருடையது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். சில சோதனைகளைத் தினமும் செய்வதில்லை, சேர்த்து வைத்துத்தான் செய்வார்கள், அதுவரை உறைபெட்டியில் இருக்கும், அந்தக் குழாய்கள்தான் இவை. இஸ்திரிச் சட்டை முகத்தில் ஈயாடவில்லை. பொய் சொல்வானேன், எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. யார் யாரைத் திரும்பக் கூப்பிட்டு ரத்தம் எடுக்க வேண்டும் என்று பட்டியல் போடவேண்டியிருந்தது, நான் வாசிக்கிறேன், நீ எழுதும்மா என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு லேபிளாக எடுத்து, வேண்டுமென்றே அவர் காதில் விழும்படி சத்தமாக வாசித்தேன். பெயர், வயது, சோதனை. பெயர், வயது, சோதனை. அப்படியே உன் அம்மாவின் பெயரையும் வாசித்துவிட்டேன்.

வாய் பாட்டுக்கு வாசித்துவிட்டது, பிறகுதான் அது என் காதில் விழுந்தது. என் பெயரின் முதலெழுத்து, அவள் வயது, அதற்குக் கீழே வயிற்றில் கட்டி இருந்தால் எந்த மாதிரிக் கட்டி என்று துப்புப் பார்க்கிற சோதனையின் பெயர். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அடுத்தது சார் என்று பேனாவோடு காத்திருந்தாள். எனக்கு அடுத்த லேபிளில் எழுத்தே தெரியவில்லை. நம் வீட்டில் எத்தனையோ நாள் உன் அம்மா கையால் சாப்பிட்டவர் இஸ்திரிச் சட்டை, அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையிலிருந்த தட்டை வாங்கி மீதியை அவரே வாசித்தார். அந்தச் சிரிப்பைக் கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேன், இதை முடியாது.

ஏதோ தவறு, வேறு யாரோ அதே பெயரில் இருப்பார்கள் என்று கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்தேன். தகவல் சொல்ல வேண்டிய போன் நம்பர் என்ற இடத்தில் உன் நம்பர் இருந்தது. நீ அன்றைக்கு ஸ்டிக்கர், பசை, பூச்சு என்று அத்தனை நேரம் என்னோடு பேசினாயே, அவ்வளவு நேரமும் இது உனக்குத் தெரிந்திருக்கிறது. நானும் என் மகள் என்னிடம் யோசனை கேட்கிறாள் என்று உச்சி குளிர்ந்துபோய்ப் பேசிக்கொண்டிருந்தேன். பெண்ணைப் பெற்றவன் இதற்கு என்ன சொல்ல.

அரை நாள் விடுப்பு போட்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்ற நிலையைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் கிளினிக் பக்கத்தில் உங்கள் கூடத்துக்கு இருக்கிற கிளையில்தானே ரத்தம் கொடுத்தேன், ஸ்டோரில் இருப்பவருக்கு எங்கே தெரியப் போகிறது என்று நினைத்தாளாம். வயிறு உப்பிக்கொண்டு பசியே இல்லையாம், எத்தனை நாளாக என்று கேட்டேன், கையிலிருந்த துணியை நீவிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்குத்தான் நிமிர்ந்து பார்த்தாள். “சொன்னா முதல்ல டாக்டரைத் திட்டுவீங்க, அப்புறம் உங்க ஆபீஸை, அப்புறம் என் அண்ணனை. என் முறை வர்றதுக்குள்ள விடிஞ்சிடும்” என்றாள். சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து துணியை மடிக்க ஆரம்பித்தாள். உன் மாமன் திட்டு வாங்கத் தகுந்தவன்தான், அது வேறு விஷயம். ஆனால் அன்றைக்கு அவனை விட்டுவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு துண்டை எடுத்து மடித்தேன். முப்பது வருடத்தில் இந்த வீட்டில் நான் துணி மடித்தது அன்றுதான்.

மறுநாள் நானே கூட்டிக்கொண்டு போய் மறுபடி ரத்தம் கொடுக்க வைத்தேன். நான் சொன்ன படல லேபிளை வாங்க இஸ்திரிச் சட்டை காலையிலேயே கையெழுத்துப் போட்டிருந்தார், கடைக்காரன் முன்பே தந்திருந்த மாதிரிச் சுருள் என் மேசையில் இருந்தது. குழாய் குளிருவதற்கு முன்பே ஒட்ட வேண்டும், சில்லென்றான பிறகு எந்தப் பசையும் பிடிக்காது. ஒரு முனை மறு முனையின் மேல் ஏறும்படி சுற்றி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தி நானே ஒட்டினேன். அது கழலாது. முடிவு வந்தால் யாருக்குச் சொல்வது என்று சோதனைக்கூடப் பெண் கேட்டாள், நான் என் நம்பரைச் சொல்ல வாயெடுத்தேன், பழைய நம்பரே இருக்கட்டும்மா என்றாள் உன் அம்மா. அதோடு விடவில்லை, அங்கேயே வேலை செய்கிறவர் என்று நான் போய் முடிவை எட்டிப் பார்க்கக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். கொடுத்துவிட்டேன். சோதனை செய்கிற அறை என் ஸ்டோருக்கு அடுத்த அறைதான், தாண்டித்தான் தினமும் போய் வருகிறேன், எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம்தான் சோதனை நடக்கும், கூரியரில் அனுப்புவதால் அதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் இருக்கும். நீ செய்தது சரியா தப்பா என்று எழுதப் போவதில்லை. குழந்தைக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். தூங்கப் போகும்போது போனை அணைத்து வைப்பாய், இனி சில நாளைக்கு அது வேண்டாம். கூடத்திலிருந்து எந்த நேரத்திலும் கூப்பிடுவார்கள். கேட்டதும் முதலில் அம்மாவிடம் சொல், அது அவள் உரிமை. வைத்ததும் எனக்குக் கூப்பிடு, எந்த முடிவாக இருந்தாலும் சரி, யாரையும் திட்ட மாட்டேன் மகளே, பேசாமல் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா